பள்ளத்தில் தேங்கும் காற்று

டிசம்பர் 23

நாளை காலை கிளம்புகிறோம். மூட்டை கட்டி முடித்தாயிற்று. வெப்பமானிகள் இரண்டையும் பழைய சால்வைக்குள் சுற்றி வைத்திருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் நடத்துகிறவள் நான். மலையில் மேலே போகப் போகக் குளிர் கூடும் என்று சொல்லிக்கொடுக்கிறோம். அடுத்த பாடத்திலேயே அது தலைகீழாகவும் நடக்கும் என்கிறோம். காற்று அசையாத, மேகமில்லாத இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் வழிந்து, பள்ளத்தில் போய்த் தேங்கும். மேட்டைவிடப் பள்ளம் சில்லிட்டுப்போகும். உறைபனி அங்கேதான் முதலில் விழும். கரும்பலகையில் அம்புக்குறி போட்டு இதை எத்தனை தடவை விளக்கியிருப்பேனோ தெரியாது. இந்த வருடம் ஒரு மாணவி எழுந்து, "நீங்க பாத்திருக்கீங்களா மிஸ்?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

அன்று சாயங்காலம் இவரிடம் சொன்னபோது, "பாத்துட்டாப் போச்சு. அரப்பரீச்ச லீவுல போவோம் டீச்சர்," என்றார். மறு வாரமே ஒரு கூடாரம் வாங்கிவந்துவிட்டார்.

இவர் என்றால் சிவசைலம். ரயில் தபால் பிரிவில் கடிதம் பிரிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குக் கல்யாணமாகி இன்னும் ஒரு வருடம் நிறையவில்லை. இருவருக்குமே இது இரண்டாவது. ஐம்பது தாண்டிய பிறகு ஒருவரையொருவர் பழகிக்கொள்வது எப்படியென்று எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. பெண் பார்க்க வந்த அன்று என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டார். இன்றுவரை அதுவேதான்.

கூடாரத்தோடு ஒரு கேஸ் ஹீட்டரும் வாங்கியிருக்கிறார். எனக்குக் குளிரில் முழங்கால் பிடித்துக்கொள்ளும் என்பதை நான் சொன்னதில்லை. எப்படியோ கவனித்திருக்கிறார்.

டிசம்பர் 24

பூம்பாறையைத் தாண்டி, தார்ச் சாலை முடிகிற இடத்திலிருந்து மேலே ஏறினால் குழந்தைவேலின் கேரட் தோட்டம். எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சருக்கு உறவுக்காரர். தோட்டத்துக்கு மேலே புல்வெளியில் கூடாரம் போட இடம் காட்டினார். கீழே கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம். நான் தேடிவந்தது அதேதான்.

"வீட்லயே தங்கிக்கலாமேம்மா. ராவுல குளிரு தாங்க மாட்டீங்க," என்றார் குழந்தைவேல்.

"பள்ளத்துப் பக்கத்துலயே இருந்தாத்தான் விடியறதுக்கு முன்னாடி போய்ப் பாக்க முடியும்," என்றேன்.

அவர் இவரைப் பார்த்தார். இவர், "டீச்சர் சொன்னா சரிதான்," என்று ஆணி அடிக்கத் தொடங்கிவிட்டார். காலையில் பால் கொண்டுவந்து தருவதாகச் சொல்லிவிட்டுக் குழந்தைவேல் இறங்கிப் போனார்.

ஒரு வெப்பமானியை மேட்டிலும் இன்னொன்றைப் பள்ளத்திலும் குச்சி நட்டுக் கட்டினேன். இருட்டியதும் ஹீட்டரை ஏற்றினார். சிவந்த தகடும் சின்னச் சீறலுமாக, ஐந்து நிமிடத்தில் பாதம் வரை சூடு. சுகம். கூடாரத்தின் உச்சியில் வலை வைத்த இரண்டு திறப்புகள் இருக்கின்றன. அவற்றின் வழியாக ஊசி மாதிரிக் காற்று இறங்குகிறது. ஏன் வைத்தார்களோ. நாளைக்கு அடைக்க வேண்டும்.

டிசம்பர் 25

இன்று பார்த்ததை முதலில் எழுதிவிடுகிறேன்.

வெயில் மறைந்து சரிவு நிழலானதும் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி இவர் கையில் கொடுத்து மேட்டில் நிற்கவைத்தேன். முதலில் புகை நேரே எழுந்தது. கொஞ்ச நேரத்தில் தயங்கியது. பிறகு, யாரோ கையால் தடவிப் படுக்கவைத்தது போல, புல்லோடு புல்லாகச் சாய்ந்து, பள்ளத்தை நோக்கி இறங்கத் தொடங்கியது. காற்று வீசவில்லை. ஒரு புல்லும் அசையவில்லை. காற்றே தண்ணீர் மாதிரி வழிந்துகொண்டிருந்தது.

"எறங்குது டீச்சர், எறங்குது," என்று புகையோடு இவரும் குனிந்துகொண்டே நடந்தார். பள்ளத்தில் போய் நின்றதும், "இங்க வந்ததும் நின்னுட்டுது. போக எடமில்ல," என்றார்.

பள்ளத்தில் மேட்டைவிட மூன்று டிகிரி குறைவு. இரண்டு தடவை இறங்கிப் பார்த்து உறுதிசெய்தேன். உறைபனிக்கு இன்னும் குளிர வேண்டும். மேகம் விலக வேண்டும்.

உச்சித் திறப்புகள் இரண்டையும் துண்டு வைத்து, ஊக்குக் குத்தி அடைத்துவிட்டேன். இப்போது கூடாரம் வீடு மாதிரி இருக்கிறது. காலையில் லேசான தலைவலி இருந்தது. உயரம் பழக இரண்டு நாளாகும்.

டிசம்பர் 26

எழுந்திருக்கும்போதே இருவருக்கும் தலை கனம். நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கியது போல. அவருக்கு என்னைவிட அதிகம். குழந்தைவேல் கொண்டுவந்த பாலில் டீ போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார்.

"சீனி போட மறந்துட்டீகளா?"

"போட்டேனே."

"போட்டா இனிக்காதா?" என்று சத்தம் போட்டார். இத்தனை மாதத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. டம்ளரை எடுத்து நானும் குடித்துப் பார்த்தேன். இனிக்கத்தான் செய்தது.

பிறகு கீழே தோட்டம் வரை நடந்தோம். குழந்தைவேலின் மனைவி கேரட் கழுவிக்கொண்டிருந்தார். வெயிலில் உட்கார்ந்து அவரோடு பேசிக்கொண்டிருந்ததில் தலைவலி போன இடம் தெரியவில்லை. இவரும் பழையபடி ஆகிவிட்டார். அந்த வீட்டு நாய்க்கு ரயில் தபால் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாய் நன்றாகவே கேட்டது.

மதியம் நன்றாக இருந்து, காலையில் மட்டும் ஏன் வலிக்க வேண்டும்? உயரம் காரணமென்றால் நாள் முழுவதும் அல்லவா வலிக்க வேண்டும். தூக்கம் சரியில்லாததாக இருக்கலாம். அல்லது ஒரே சின்னக் கூடாரத்துக்குள் என்னோடு அடைந்து கிடப்பது அவருக்குச் சங்கடமாக இருக்கலாம். எனக்கும்தானே வலிக்கிறது என்பதற்கு இதில் பதில் இல்லை.

டிசம்பர் 26, சாயங்காலம்

மறுபடி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சுந்தரத்துக்கும் தலைவலியாகத்தான் ஆரம்பித்தது. சுந்தரம் என் முதல் கணவர். காலையில் தலை வலிக்கிறது என்றவர் மாலையில் இல்லை. அது மூளையில் ரத்தக் கசிவு. இது வேறு. இதை இங்கே எழுதவேண்டிய அவசியமே இல்லை.

மேடு ஒன்பது, பள்ளம் ஐந்தரை.

டிசம்பர் 27

மழை. விடிந்ததிலிருந்து நிற்கவில்லை. குழந்தைவேல் குடையோடு வந்து பால் கொடுத்துவிட்டு, கீழே வந்துவிடச் சொன்னார். இவர் நடக்கத் தெம்பில்லை என்றார். நாளைக்கு வானம் வெளுத்துவிடும் என்று குழந்தைவேல் சொன்னதால் நானும் வற்புறுத்தவில்லை.

கூடாரத்தின் ஓரங்களில் தண்ணீர் நுழைகிறது. சுற்றிலும் மண்ணும் கல்லும் வைத்து அடைத்தேன். இப்போது சொட்டுத் தண்ணீர் வரவில்லை, காற்றும் வரவில்லை. ஹீட்டர் பகலெல்லாம் எரிகிறது. வெப்பமானி பார்க்க நான் மட்டும் அவ்வப்போது போய் வருகிறேன்.

"கொஞ்ச நேரம் அணைச்சு வைங்களேன்," என்றேன்.

"நீங்க நனைஞ்சுட்டு வருவீகள்ல. உள்ள சூடா இருக்கட்டும்," என்றார்.

டிசம்பர் 27

மழை. தண்ணீர் வராமல் கல் வைத்தேன். இதை எழுதிவிட்டேனோ.

அவர் வாந்தி எடுத்தார். எனக்கும் குமட்டுகிறது. பிரட் கெட்டுப்போயிருக்கும். மேடு எட்டு. பள்ளம் பார்த்தேன், ஆனால் ஏறிவருவதற்குள் எண் மறந்துவிட்டது. கால் என்னுடைய கால் மாதிரி இல்லை.

தண்ணீர் கொடுத்தபோது என்னைப் பார்த்து, "சரசு, வெளக்க அணைச்சிட்டியா?" என்றார். சரசு அவருடைய முதல் மனைவி.

அணைத்துவிட்டேன் என்று சொன்னேன்.

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மழை நின்றுவிட்ட மாதிரி இருக்கிறது. அலாரம் வைத்திருக்கிறேன். மேகம் போனால் நாளைக்கு உறை

டிசம்பர் 30, மதுரை

இது ஆஸ்பத்திரி வராந்தா. இவர் உள்ளே இருக்கிறார். கண் விழித்து, பேசி, இப்போது தூங்குகிறார். நடந்ததை நடந்த வரிசையில் எழுதிப் பார்க்கிறேன். டாக்டர் கேட்டபோது எனக்கு வரிசை வரவில்லை.

இருபத்தெட்டாம் தேதி விடியுமுன் அலாரம் அடித்தது. அது எங்கேயோ பக்கத்து ஊரில் அடிப்பது போல இருந்தது. எழுந்திருக்க வேண்டாம், இப்படியே கிடக்கலாம் என்று ஒரு சுகமான எண்ணம் வந்தது. மேகம் போயிருக்குமா என்று ஒரு நினைப்பு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் ஊர்ந்து வந்தேன். கூடாரத்து ஜிப்பைத் திறக்கத் தெரியவில்லை. தினமும் திறக்கிற ஜிப். எந்தப் பக்கம் இழுப்பதென்று விளங்காமல் அதை வெறித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கை பட்டுத் திறந்துகொண்டது.

வெளியே வந்து புல்லில் முட்டிபோட்டு இருந்தேன். மூச்சு விட்டேன். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது. கீழே பள்ளம் வெள்ளையாக இருந்தது.

உறைபனி. பள்ளத்தின் ஒரு மட்டம் வரைக்கும் வெள்ளை. அதற்கு மேலே புல் பச்சை. நடுவில் கோடு கிழித்தது போல எல்லை. எழுந்து அதை நோக்கி நடந்தேன். கால் தள்ளாடியது, பிறகு தள்ளாட்டம் குறைந்தது. வெள்ளைப் புல்லில் காலை வைத்தபோது அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம் வந்தது. ஒவ்வொரு புல்லின் விளிம்பிலும் உப்புக்கல் வரிசை. குனிந்து தொட்டேன். என் விரல் சூட்டில் ஒரு வரிசை உருகியது. எனக்குச் சிரிப்பு வந்தது. எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்பதை எழுதப் போவதில்லை.

தலை தெளியத் தெளியத்தான் அவர் ஞாபகம் வந்தது. "என்னங்க, வந்து பாருங்க," என்று கூப்பிட்டேன். சத்தமில்லை. மறுபடி கூப்பிட்டேன். அவர் லேசில் விழித்துக்கொள்கிறவர். பால்காரர் சைக்கிளை நிறுத்தினாலே எழுந்துவிடுவார்.

ஓடிவந்து பார்த்தபோது படுத்தபடியே இருந்தார். முகம் வெளுக்கவில்லை, கன்னம் சிவந்து நன்றாகத்தான் இருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை ஒரு பக்கம் விழுந்தது. அதற்குள் எனக்கே மறுபடி கண் இருட்டிக்கொண்டு வந்தது. வெளியே தெளிந்த தலை, உள்ளே வந்த கொஞ்ச நேரத்தில் கலங்குகிறது. உள்ளே என்ன இருக்கிறது? திரும்பிப் பார்த்தேன். அந்தச் சிவந்த தகடு மங்கி, ஓரத்தில் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்துபோயிற்று. அதன் பெயர் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை, ஆனால் காற்று என்று தெரிந்துவிட்டது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஹீட்டரின் திருகை மூடினேன். அவர் படுத்திருந்த பாயின் தலைமாட்டைப் பிடித்து இழுத்தேன். அவர் எண்பது கிலோ இருப்பார். பாய் நகரவில்லை. வெளியே போய் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து மறுபடி இழுத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு முழம். ஒரு கட்டத்தில் அவரைத் திட்டினேன். சுந்தரத்தின் பெயரைச் சொல்லித் திட்டினேன் என்று நினைக்கிறேன். தலையும் தோளும் வாசலைத் தாண்டியதும் அப்படியே புல்லில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். மூச்சு இருந்தது. ரொம்ப மெல்ல இருந்தது.

குழந்தைவேல் பால் தூக்கோடு ஏறி வந்துகொண்டிருந்தார். நான் கத்தினேன். தூக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். இருவருமாகத் தூக்கிக் கீழே கொண்டுபோய், சந்தைக்குப் போக நின்றிருந்த அவருடைய வேனில், கேரட் மூட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்தோம். திறந்த வண்டி. வளைவுக்கு வளைவு பனிக்காற்று முகத்தில் அடித்தது. "போர்வை இருக்கு, மூடுங்கம்மா," என்று குழந்தைவேல் முன்னாலிருந்து கத்தினார். கழுத்துவரை மூடினேன். முகத்தைக் காற்றுக்கு விட்டுவிட்டேன்.

கொடைக்கானலை நெருங்கும்போது கண்ணைத் திறந்தார். சுற்றியிருந்த மூட்டைகளைப் பார்த்தார்.

"பை எல்லாம் ஏத்தியாச்சா?" என்று கேட்டார்.

"ஏத்தியாச்சு," என்றேன்.

"திண்டுக்கல் பை?"

"அதுவும் ஏத்தியாச்சு."

கண்ணை மூடிக்கொண்டார். ரயில் தபால் பெட்டியில் இருப்பதாக நினைத்திருக்கிறார்.

டிசம்பர் 31

இன்று டாக்டர் ஷமீமாவிடம் நிறையக் கேட்டேன். அவருக்கு என் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும். நான் கேட்கக் கேட்கச் சலிக்காமல் சொன்னார்.

முதலில் ஒரு சந்தேகம். கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் இவர் விரலில் ஒரு கருவியை மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு என்று காட்டியது. நர்ஸ் நல்லாத்தான் இருக்கு என்றார். ஆனால் அங்கிருந்த டாக்டர் அந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. "உள்ள என்ன எரிச்சீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். சொன்னதும் ஆக்சிஜன் முகமூடியைப் போட்டுவிட்டார். இவருக்கு முதலில், பிறகு எனக்கும். அன்றே மதுரைக்கு அனுப்பிவிட்டார். எண் சரியாக இருக்கும்போது எதற்கு ஆக்சிஜன்?

"அந்தக் கருவிக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதும்மா," என்றார் ஷமீமா. "ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார்ற எடத்துல இந்த கார்பன் மோனாக்சைடு போய் உக்காந்துக்கும். லேசுல எழுந்திருக்காது. கருவி எடம் நெறஞ்சிருக்குன்னு மட்டும் பாக்கும். யாரு உக்காந்திருக்கான்னு பாக்காது."

"எங்கேர்ந்து வருது?"

"காத்து பத்தலேன்னா தீ அரைகுறையா எரியும். அதுல வர்றதுதான். கேஸா இருந்தாலும் சரி, அடுப்புக்கரியா இருந்தாலும் சரி. வருஷா வருஷம் குளிர் சீசன்ல இப்படி வந்துடறாங்க. கரியடுப்ப ரூமுக்குள்ள வெச்சுட்டுத் தூங்கினவங்க, டென்ட்டுக்குள்ள பார்பிக்யூ அடுப்ப இழுத்து வெச்சவங்க. தணல் அணைஞ்ச மாதிரி இருந்தாலும் வந்துட்டுத்தான் இருக்கும்."

"வாடை இருக்குமா?"

"கெடையாது. நெறமும் கெடையாது."

"பள்ளத்துல தேங்குமா, மேல போகுமா? கீழ படுத்திருந்ததால அவருக்கு அதிகமாச்சா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டும் இல்ல. காத்தோட எடைதான் ஏறக்குறைய. எல்லா எடத்துலயும் கலந்து நிக்கும். அவருக்கு ஏன் அதிகம்னா, மழை நாள்ல அவர் உள்ளயே இருந்திருக்கார். நீங்க வெளிய போனீங்களா?"

"வெப்பமானி பாக்கப் போனேன்."

"அதான்," என்றார்.

காலையில் தலைவலி, வெளியே போனால் குறையும், ஒரே இடத்தில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே மாதிரி வரும், எரிச்சல் வரும், குழப்பம் வரும், வாந்தி வரும் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். உச்சித் திறப்பில் துண்டைக் குத்தியது யார் என்று அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன்.

"குளிருது, மூடினீங்க. எல்லாரும் அதத்தான் செய்வாங்க," என்றார். "இனிமே டென்ட்டுக்குள்ள தீ வேண்டாம். தொறந்து வெச்சாலும் வேண்டாம். ரெண்டு கம்பளி சேர்த்துப் போத்திக்குங்க."

ஜனவரி 3

இன்று இவருக்கு இட்லி இறங்கியது. சட்னி காரமில்லை என்று புகார்.

ஜனவரி 9, திண்டுக்கல்

வீட்டுக்கு வந்து நான்கு நாளாகிறது. டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னது இது. சிலருக்குத் தேறிவிட்ட மாதிரி இருந்து, சில வாரம் கழித்து மறதி வரலாம், நடை மாறலாம், குணம் மாறலாம். எல்லாருக்கும் வராது. கவனித்துக்கொண்டிருங்கள் என்றார்.

கவனிக்கிறேன். அவர் செருப்பு மாட்டும்போது கவனிக்கிறேன். சாப்பிடும்போது எந்தக் கையில் டம்ளரை எடுக்கிறார் என்று பார்க்கிறேன். நேற்று கடையிலிருந்து வரும்போது எதிர்வீட்டுக்காரர் பெயர் அவருக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

சாயங்காலம் செய்தித்தாளை மடக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்ன டீச்சர், பரீட்ச ஹால்ல பிட் அடிக்கிறவனப் பாக்கிற மாதிரியே பாக்கீக?"

"ஒண்ணுமில்ல."

"டாக்டரு எங்கிட்டயும் சொல்லிட்டாக. வந்தா வரட்டும். நீங்க கொஞ்சம் கண்ணச் சிமிட்டுங்க."

உள்ளே போய்த் தாளித்தேன். வெங்காயம் கொஞ்சம் அதிகமாகவே நறுக்கினேன்.

பிப்ரவரி 12

மதுரையில் பரிசோதனை. கோட்டில் நடக்கச் சொன்னார்கள், நடந்தார். கடிகாரப் படம் வரையச் சொன்னார்கள், முள் உட்பட வரைந்தார். பிறகு டாக்டர் ஷமீமா ஐந்து சொற்களைச் சொன்னார். ரோஜா, தராசு, படகு, எலுமிச்சை, கம்பளி. கொஞ்ச நேரம் வேறு ஏதேதோ பேசிவிட்டு, "அப்ப சொன்ன அஞ்சையும் சொல்லுங்க சார்," என்றார்.

"ரோஜா. தராசு. எலுமிச்ச. கம்பளி." நிறுத்தினார். கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்லக்கூடாதும்மா," என்றார் டாக்டர்.

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தலையை ஆட்டி, "இல்லம்மா. போயிருச்சு," என்றார்.

"நாலு நல்ல மார்க்தான் சார். இந்த வயசுல எனக்கும் நாலுதான் வரும்," என்று சிரித்தார் டாக்டர். ஸ்கேனில் புதிதாக ஒன்றுமில்லை, மூன்று மாதம் கழித்து வந்தால் போதும் என்றார். நல்ல செய்திதான். ஆனால் விடுபட்ட அந்த ஒரு சொல் என் நாக்கிலேயே நின்றது. பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தபோதும் நின்றது.

வாடிப்பட்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"படகு," என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"படகுதானே டீச்சர்?"

"ஆமா."

"நீங்களாவது லேசா உதட்ட அசைச்சிருக்கலாம்ல?"

"அசைச்சேன். டாக்டர் குனிஞ்சு எழுதும்போது அசைச்சேன். நீங்க பாக்கல."

"பாத்தேன்," என்றார். "எனக்கு அது பட்டாணின்னு தெரிஞ்சுது. தப்பாச் சொல்லி உங்களுக்கும் சேத்து மார்க் போயிரக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டேன்."

கொடைரோடு வரும்வரை இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம். முன் சீட்டு அம்மாள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். சிரித்து முடித்தும் அவர் கையை நான் விடவில்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது இன்னொரு கையால்தான் எடுத்துக் கொடுத்தேன்.